மேற்குப் பார்த்த மணவறை

நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூட ஜிம்மில் நடந்த கலியாணங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மணவறைக்கு மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும். யாரோ ஒரு மாமா அதிலும் ஒரு மாவிலைத் தோரணத்தைக் கட்டிவிட்டிருப்பார். ரப்பர்த் தரையின் மணம், அதற்குமேல் சாம்பிராணி, அதற்கும் மேல் அலுமினியத் தட்டில் மூடிவைத்த கத்தரிக்காய்க் குழம்பு. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நாங்கள் அடுக்கிவைத்த உடற்பயிற்சிப் பாய்களுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்து விளையாடுவோம். இன்றைக்கு முழங்காலில் சத்தம் கேட்கிற வயதில், பிள்ளைகளுக்கு மண்டபம் பார்க்கிறோம் என்று விலைப்பட்டியலோடு அலைகிறீர்கள் அல்லவா, அப்போது கொஞ்சம் அந்த வளையத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரேயொரு கலியாணம் மட்டும் ஜிம்மில் நடக்கவில்லை. அது பெரியம்மாவின் கலியாணம். அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு ஒரு இடத்தில் இருந்து கதை சொல்லத் தெரியாது, எழும்பி எழும்பி நடந்துதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் இந்த ரொறொன்ரோ நகரத்துக்கு முதலில் வந்தவர் அவர்தான், அதுவும் தனியாக. பார்க்டேலில் வேறு பெண்களோடு ஒரு அறையில் இருந்து, ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்து, அம்மாவை, அப்பாவை, என்னை என்று ஒவ்வொருவராக ஸ்பொன்சர் செய்து எடுத்தார். பிறகு நாங்கள் எல்லாரும் வெக்ஸ்போர்ட்டில் ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தோம். எங்களை எல்லாம் கரையேற்றி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெரியம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு இடத்தில் பேசி இரண்டும் குழம்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்த கலியாணப் பேச்சுக்கால் பக்கத்து நகரமான பிறம்ரனில் இருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு பண்டகசாலையில் வேலை. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, ஒரு தமக்கை இருந்தார். தாய், தகப்பன், தாய்மாமன், சபை எல்லாம் அவர் ஒருவரே. நாங்கள் அவரைப் பிறம்ரன் அன்ரி என்போம்.

எல்லாம் முற்றாகி, ஆனியில் நாளும் வைத்தாகிவிட்டது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பெரியம்மா சொன்னார்:

“எனக்கு அந்தக் கடற்கரை மண்டபம் வேணும். மற்றதெல்லாம் உங்கட விருப்பம்.”

அம்மா புட்டுக் குழைத்த கையோடு அப்படியே இருந்தார். பெரியம்மா ஒரு பொருளைத் தனக்கு வேண்டும் என்று கேட்டதை அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சட்டை வாங்கப் போனால் எனக்கு வாங்கிக்கொண்டு வருவார். கோழிக் குழம்பில் கழுத்துத் துண்டுதான் தனக்குப் பிடிக்கும் என்பார். கழுத்துத் துண்டு யாருக்காவது பிடிக்குமா? அது பொய் என்று எனக்குப் புரியவே முப்பது வருடம் பிடித்தது.

“எந்தக் கடற்கரை மண்டபம்?” என்றார் அம்மா.

“பார்க்டேலுக்குக் கீழை. வெள்ளையர் டான்ஸ் ஆடுற பழைய மண்டபம். இப்ப வாடகைக்குக் குடுக்கிறாங்களாம்.”

அன்று குசினியில் அம்மா அப்பாவிடம் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. “வயசு போன நேரத்திலை இந்த மனுசிக்கு என்ன ஆடம்பரம்? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம்?” பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கும். சுவர்கள் அப்படிப்பட்டவை. அவர் வரவேற்பறையில் என் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். தைத்துவிட்டு, அறுத்துவிட்டு, மறுபடி அதே பட்டனைத் தைத்தார்.

அது உண்மையில் கடல் அல்ல, ஏரி. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அக்கரை தெரியாத தண்ணீரை எங்கள் வீட்டில் கடல் என்றுதான் சொன்னார்கள். பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அதைப் பார்க்கப் போனோம். அப்பாவுக்குச் சனிக்கிழமை வேலை, என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, அதனால் நானும் போனேன். மாப்பிள்ளையின் வான் வண்டியில் பின்பக்கத்து ஹீற்றர் வேலை செய்யாது. முன்னால் பிறம்ரன் அன்ரி கைப்பையை மடியில் வைத்து, அதைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டு இருந்தார். பின்னால் நாங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நடுங்கினோம். மாப்பிள்ளை பேசமாட்டார். அதுவரை அவர் வாயில் இருந்து எங்களுக்குக் கிடைத்த சொற்கள் ‘ஓம்’, ‘இல்லை’, ‘தண்ணி காணும், போதும்’. ஊமையோ என்று நான் அம்மாவிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கியிருந்தேன்.

வானம் பழைய சாம்பல் நிறத்துப் போர்வை மாதிரிக் கிடந்தது. சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத நாள். இந்த ஊரில் பங்குனியில் அப்படி எத்தனை நாள்! மண்டபத்தின் வெள்ளைச் சுண்ணாம்பு திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. யன்னல்களையெல்லாம் பனிக்குப் பயந்து பலகை அடித்து மூடியிருந்தார்கள். கரையில் அழுக்குப் பனிக்கட்டி, அதற்கப்பால் தகரம் போன்ற தண்ணீர். எனக்கு வந்த உடனேயே ஒன்றுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. சொல்லப் பயம்.

கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. நடக்கும்போதெல்லாம் அது கிலுங்கும். சிவந்த உதட்டுச்சாயம், பஞ்சுபோல் தலை. நான் மனதுக்குள் அவருக்குச் சாவிக்காரி என்று பெயர் வைத்தேன். அவர் வரவேற்று, வளவளவென்று ஏதோ சொல்லிக்கொண்டு முன்னே போய்த் திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் ஆடல் தளத்தின் விளிம்பில் குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தாலி கட்டப்போகிற இடத்தில் சப்பாத்தோடு மிதிப்பதா? பனிச் சப்பாத்துகளை வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தோம். சாவிக்காரி வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை காலத்தில் அந்தத் தரைக்கு யாரும் அந்த மரியாதை செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

மரியாதை செய்தால் தரை சும்மா விடுமா? மேழ்ஸ் என்கிற காலுறையோடு அடி வைத்த உடனே பிறம்ரன் அன்ரி வழுக்கி அம்மாவைப் பிடித்தார், அம்மா என்னைப் பிடித்தார். நான் யாரையும் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனேன். அப்படி ஒரு தரையை நான் அதற்குப் பிறகு மிதித்ததில்லை. தேன் நிறம், மெழுகு மணம். பலகைக்குக் கீழே ஏதோ மெத்தை போட்டிருந்ததுபோல் காலைத் திருப்பித் தள்ளியது. ஓடினால் இன்னும் ஓடு என்றது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “இஞ்சை வா! வீட்டை போய்ப் பேசுறன் உன்னோடை!” என்றார். வீட்டில் என்ன பேசினார் என்பது நினைவில் இல்லை. தரை நினைவிருக்கிறது.

சாவிக்காரி ஒவ்வொரு அறையாகக் காட்டினார். வாசலில் நுழைவுச்சீட்டு விற்ற கண்ணாடிக் கூண்டு. கோட்டு மாட்டுகிற அறை, அதில் பித்தளைக் கொளுக்கிகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்ட வில்லை. மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றுகிற அறை, கண்ணாடியைச் சுற்றிப் பல்புகள், பாதி எரியாது. முகப்பவுடர் அந்த மரத்துக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. நடுத் தளத்துக்கு மேலே கண்ணாடித் துண்டு ஒட்டிய உருண்டை. இலக்கம் போட்ட வில்லை ஒன்றை எனக்கு எடுத்துத் தந்தார். அதை வீடு மாறிய ஒரு தடவை தொலைத்துவிட்டேன். அதைத் தேடித் தேடி அலுத்துவிட்டது. இப்போது தேடுவதில்லை.

இனித்தான் வேடிக்கை. அம்மாவுக்கும் பிறம்ரன் அன்ரிக்கும் சாவிக்காரியின் வேக ஆங்கிலம் பிடிபடாது. ஆகவே பெரியம்மா மொழிபெயர்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு இரண்டும் விளங்கியது. சாவிக்காரி சொன்னார்: இங்கே பெரிய பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்திருக்கின்றன, ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டு விடியும்வரை ஆடியிருக்கிறார்கள், எத்தனையோ காதல் இந்தத் தளத்தில்தான் தொடங்கியது.

பெரியம்மா பிறம்ரன் அன்ரியிடம் திரும்பினார். “முந்தி இஞ்சை நல்ல சங்கீதக் கச்சேரியள் நடந்ததாம்.”

“ஓ,” என்றார் பிறம்ரன் அன்ரி, திருப்தியாக.

மறு அந்தத்தில் நீளமான மதுக்கூடம். தரையோடு சேர்த்துக் கட்டியது, பின்னால் கண்ணாடித் தட்டுகள். சாவிக்காரி அதைத் தட்டிக் காட்டி, எத்தனை வகை விஸ்கி இங்கே இருந்தது என்று பெருமையாகச் சொன்னார்.

“தேத்தண்ணி பலகாரம் குடுக்க வசதியான இடமாம்,” என்றார் பெரியம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் கெஞ்சுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதை நாங்கள் ஒருவரும் அந்த நேரம் யோசிக்கவில்லை.

பிறகு சாவிக்காரி சுவரோரமாக ஓடிய மெத்தை வைத்த வாங்கு இருக்கை ஒன்றைக் காட்டினார். ஆடக் கூப்பிட ஆளில்லாத பெண்கள் இதில்தான் வரிசையாக இருப்பார்கள், என்றார். சில பேர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார்கள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்துவிட்டுப் போவார்கள், பாவம்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“ஒண்டுமில்லை. இருக்கிற இடமாம்,” என்றார் பெரியம்மா.

அவர் ஏன் அதை மறைத்தார் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மேடைதான் பெரிய விசயம். மேடையில் மணவறை வைக்கலாம், தகரத் தட்டில் மணல் பரப்பி ஓமம் வளர்க்கலாம் என்று சாவிக்காரி சம்மதித்துவிட்டார். பிறம்ரன் அன்ரி அதற்குள் விரலை நீட்டினார்.

“ஐயர் போனிலை திட்டமாச் சொன்னவர். பொம்பிளை மாப்பிள்ளை கிழக்கை பாத்து இருக்க வேணும். ஏலாட்டி வடக்கு. இந்த மேடை எந்தப் பக்கம் பாக்குது?”

யன்னல்கள் பலகையால் மூடிக்கிடந்தன. திறந்திருந்தாலும் அன்று வானத்தில் சூரியன் இல்லை. அம்மா ஏரிப் பக்கத்துக் கதவுகளை நோக்கித் திரும்பி நின்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“கடல் வடக்கு. அப்ப என்ரை வலக்கைப் பக்கம் கிழக்கு, இடக்கைப் பக்கம் மேற்கு. மேடை இடக்கைப் பக்கம் கிடக்கு. மேடையிலை இருந்து இஞ்சாலை பாத்தால் கிழக்கு! அச்சொட்டா இருக்கு, அக்கா!”

பிறம்ரன் அன்ரியும் ஏரியைப் பார்த்து நின்று, வலக்கையைத் தூக்கி, இடக்கையைத் தூக்கி, தலையாட்டினார். “ஓம், ஓம். சரிதான்.”

அம்மா வடமராட்சிக் கரையில் பிறந்தவர். பிறம்ரன் அன்ரியின் ஊர் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் வடக்கு. ‘கடலடிப் பக்கம்’ என்றால் வடக்குப் பக்கம். அதில் சந்தேகம் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு பேரும் எவ்வளவோ தூரம் பறந்து வந்து, பனியில் வேலை செய்து, வரி கட்டி, குடியுரிமைப் பரீட்சை எழுதிய பிறகும் அவர்களுடைய உடம்பில் கடல் வடக்கிலேயே இருந்தது. ரொறொன்ரோவில் ஏரி தெற்கில். இதை வகுப்பில் வரைபடத்தில் எனக்குக் காட்டியிருந்தார்கள். ஆனால் வரைபடத்து நீல நிறத்தையும் கதவுக்கு வெளியே கிடந்த தகரத் தண்ணீரையும் முடிச்சுப் போட எனக்கு அப்போது புத்தி இல்லை.

பெரியம்மா மேடை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறம்ரன் அன்ரி, “அப்ப சரி, எடுங்கோ,” என்றார். சாவிக்காரியிடம் முற்பணம் கொடுத்தோம். நானும் கடைசியில் கழிவறைக்குப் போனேன். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு ஓடு பதித்த கழிவறை. ராணிக்குக் கட்டியதோ என்று நினைத்தேன்.

அந்தச் சித்திரை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. பின்னேரம் ஆனால் பிறம்ரன் அன்ரியின் போன் வரும். சமையலுக்கு யார், மேளத்துக்கு யார், கூறைக்கு என்ன நிறம். அம்மா றிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையில் நடப்பார். சுருள் வயர் கதிரையில் சிக்கும், என் கழுத்தில் சிக்கும், ஒரு நாள் சம்பல் கிண்ணத்தை இழுத்து விழுத்தியது. போனை வைத்ததும் பெரியம்மாவிடம் போவார். “அக்கா, ஜிம் எண்டால் பாதி விலை. சனமும் கிட்ட. பஸ்ஸிலை வாறதுகள் அந்தக் கரைக்கு எப்பிடி வாறது?” பெரியம்மா, “பாப்பம்,” என்பார். அவர் ‘பாப்பம்’ என்றால் வழக்கமாக அது சரி என்று அர்த்தம். அந்த முறை மட்டும் அப்படி இல்லை. அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. தமக்கைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றே நினைத்தார். பிறகு, வெகு காலம் பிறகு, அதை நினைத்து அம்மா அழுதிருக்கிறார். நான் பார்த்தேன்.

வைகாசிக் கடைசியில் மணவறை அலங்காரத்துக்கு அளவெடுக்க இரண்டாம் தரம் போனோம். அழைப்பிதழ் அனுப்பியாகிவிட்டது. காலை பத்து மணி இருக்கும். வெயில் என்றால் வெயில்! வீதியெல்லாம் இலை விட்டிருந்தது. ஏரி நீலமாக, படகுகளோடு, வேறு ஏரியாக இருந்தது. மண்டபத்து யன்னல் பலகைகளையெல்லாம் கழற்றியிருந்தார்கள். மறுபடி சப்பாத்துக் கழற்றி, உள்ளே போய், நிமிர்ந்து பார்த்தால் மேடைக்குப் பின்சுவரில், மேலே, நாங்கள் முன்பு கவனிக்காத அரைவட்ட யன்னல்கள். அவற்றின் வழியாகக் காலை வெயில் சாய்ந்து வந்து ஆடல் தளம் முழுக்கக் கிடந்தது.

பிறம்ரன் அன்ரி நடுத் தளத்தில் நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்து மேடையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். மறுபடி மேடையைப் பார்த்தார்.

“இப்ப காலமை,” என்றார் மெல்ல.

“ஓம்,” என்றார் அம்மா.

“காலமை வெயில் மேடைக்குப் பின்னாலை இருந்து வருது.”

அம்மாவின் கையில் இருந்த அளவு நாடா நழுவிக் கீழே சுருண்டது. எனக்கு அப்போதுதான் வரைபடம் நினைவுக்கு வந்தது.

“மேற்கு!” என்றார் பிறம்ரன் அன்ரி. “மேடை மேற்கை பாக்குது! பொழுது படுற பக்கம் பாத்தோ என்ரை தம்பி தாலி கட்டுறது? ஆர் சொன்னது கடல் வடக்கெண்டு?”

“நீங்களும்தானே தலையாட்டினனீங்கள்,” என்று அம்மா சொல்லிப் பார்த்தார்.

பிறகு நடந்தது ஒரே ஓட்டம். மறு அந்தத்தில் மணவறை வைக்கலாமா? மதுக்கூடம் தரையோடு கட்டியது, அசையாது. ஏரிப் பக்கத்தில் வைத்து வடக்கைப் பார்க்க இருத்தலாமா? அந்தப் பக்கம் முழுக்கக் கதவு, நெருப்பு வந்தால் சனம் வெளியேறுகிற வழி, அதை மறைக்க விடமாட்டேன் என்று சாவிக்காரி தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். மேடையிலேயே திருப்பி இருத்தினால் வந்த சனத்துக்கு இரண்டு முதுகுதான் தெரியும். பிறம்ரன் அன்ரி மேழ்ஸ் காலோடு வழுக்கி வழுக்கி அங்கும் இங்கும் நடந்தார். அம்மா அவர் பின்னால். சாவிக்காரி சாவியைக் கிலுக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால்.

கடைசியில் பிறம்ரன் அன்ரி நின்றார். “சரி. இந்த மண்டபம் வேண்டாம். ஜிம்மை எடுங்கோ. சனத்துக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ.”

அம்மா உடனே, “ஓமோம், அதுதான் நல்லது,” என்றார்.

“இல்லை,” என்றார் பெரியம்மா.

அவர் மேடைப் படியில் இருந்தார். எழும்பவில்லை.

பிறம்ரன் அன்ரி அவரைத் திரும்பிப் பார்த்தார். “உமக்கு இது முன்னமே தெரியுமோ?”

“தெரியும். இந்தக் கரையிலை ரெண்டு கோடை இருந்தனான். பொழுது எங்கை படுகுதெண்டு எனக்குத் தெரியாதோ?”

“அக்கா!” என்றார் அம்மா. “அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

“சொன்னால் ஜிம்முக்குத்தானே கொண்டு போவியள்.”

பிறம்ரன் அன்ரியின் முகம் சிவந்துவிட்டது. “அப்பிடியெண்டால் இந்தக் கலியாணத்தையே நாங்கள் யோசிக்க வேண்டி வரும். என்ரை தம்பிக்குப் பொம்பிளைப் பஞ்சமில்லை.”

இதுதான் அந்த இடம். இரண்டு தரம் குழம்பிய கலியாணம். மூன்றாம் தரமும் குழம்பினால் நாலாவது இல்லை என்பது, பாவாடை சட்டையோடு நின்ற எனக்கே தெரியும். அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்தார், பேசாதே என்று. பெரியம்மா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

“அப்ப யோசியுங்கோ,” என்றார். “எனக்கு முப்பத்தெட்டு. உதிக்கிற பக்கம் பாத்து இருந்து நான் இனி ஆரை ஏமாத்திறது? படுற பக்கமே பாத்து இருக்கிறன். இந்த ஊருக்கு வந்த முதல் வருசம் எனக்கெண்டு ஒரு சனமும் இல்லை. வேலை முடிஞ்சு பின்னேரத்திலை இந்தக் கரையாலை நடந்து வருவன். உள்ளுக்கை வெளிச்சம், பாட்டு. வெளியிலை நிண்டு பாத்துப்போட்டுப் போவன். ஒரு நாளைக்கு உள்ளுக்கை போக வேணும் எண்டு நினைச்சனான். பிறகு இவையளை எடுக்கிற அலுவல், அந்த அலுவல், இந்த அலுவல். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை. உள்ளுக்கை வரத்தான் கேக்கிறன்.”

சாவிக்காரிக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனாலும் சாவிக்கொத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துச் சத்தம் வராமல் நின்றார்.

அப்போது யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை! மதுக்கூடத்தில் சாய்ந்து நின்றவர் சிரித்துச் சிரித்து, அந்த மெத்தை வாங்கில் போய் இருந்துவிட்டார். அவருக்குப் பல் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

“தேத்தண்ணி பலகாரம் குடுக்கிற இடம்!” என்றார். “சங்கீதக் கச்சேரி!” கண்ணைத் துடைத்தார். பிறகு தமக்கையைப் பார்த்து, “அக்கா, விடுங்கோ. இஞ்சைதான் கலியாணம்,” என்றார்.

“உனக்கென்ன விசரோ?”

“ஓம்,” என்றார். எழும்பி வந்து பெரியம்மாவுக்கு முன்னால் நின்று, முதன்முதலாக அவரோடு நேரே பேசினார். “நீர் அப்ப எந்த இடத்திலை நிண்டு பாத்தனீர்? காட்டும் பாப்பம்.”

இரண்டு பேரும் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கத்துக் கதவால் வெளியே போனார்கள். அம்மா பின்னால் போகப் பார்த்தார், கலியாணத்துக்கு முன் தனியாக நிற்கக் கூடாதே என்று. சாவிக்காரி அம்மாவின் தோளில் கையை வைத்து நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு அப்பால், நடைபாதையில், பெரியம்மா ஒரு இடத்தில் போய் நின்று இங்கே என்று காலால் தட்டிக் காட்டினார். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று அங்கிருந்து மண்டபத்தைப் பார்த்தார். நாங்கள் உள்ளே நின்று அவர்களைப் பார்த்தோம். பிறம்ரன் அன்ரி கைப்பையைத் திறந்து, மூடினார்.

ஆனியில் கலியாணம் அங்கேதான் நடந்தது. பிறம்ரன் அன்ரி வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லா வேலையும் தானே செய்தார். ஐயர் மேடையில் ஏறி, வெயிலைப் பார்த்து, ஒரு கணம் நின்று, பிறகு முகூர்த்தம் போகிறது என்று மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். வாசலில் சப்பாத்து மலை போல் குவிந்தது. பெரியவர்கள் எல்லாரும் மேழ்ஸ் காலோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதுவும் ஒருவகை ஆட்டம்தான். வீடியோக்காரர் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தார். பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்து வெயில் நேரே அவருடைய கமராவுக்குள் அடித்தது. அந்த உயரத்து யன்னலை மறைக்க ஒரு சேலையும் எட்டவில்லை.

அந்த வீடியோக் கசட்டைப் போன மாதம்தான் மறுபடி பார்த்தோம். பெரியம்மாவின் அந்திரட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, முடிந்த பின்னேரம். பெரியப்பா உள் அறையில் படுத்திருந்தார். பெரியம்மாவின் மகள், இங்கேயே பிறந்தவள், எங்கோ கொடுத்துக் கணினிக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தாலி கட்டுகிற இடம் வந்தது. மேளம் கெட்டியாக அடிக்கிறது. திரையில் ஒரே வெள்ளை வெளிச்சம், நடுவில் இரண்டு கறுப்பு உருவம். அம்மாவின் கை ஒன்று வந்து பெரியம்மாவின் தலையைக் குனியச் சொல்லி அமத்துகிறது. தலை குனியவில்லை. நிமிர்ந்து, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, மேலே கூரையைப் பார்க்கிறது. முகம் தெரியவில்லை.

“சே, ஒண்டுமே தெரியேல்லை அக்கா,” என்று அவள் படத்தை நிறுத்தினாள். “ஷீ லுக்ஸ் ஸோ நேர்வஸ். அம்மா எதையோ தேடுறா மாதிரி இருக்கு. வாஸ் ஷீ ஓகே?”

நான் அன்றைக்கு மேடைக்குக் கீழே, முன்வரிசையில், தரையில் இருந்தேன். வெயில் கண்ணில் குத்தினாலும் நான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தவர்களில் இப்போது நான்தான் மிச்சம் போலிருக்கிறது. என் அம்மாவுக்கு இப்போது ஒன்றும் நினைவில் இல்லை. பிறம்ரன் அன்ரி போய்விட்டார். தாலி கட்டக் குனிந்தவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேடேல்லை,” என்றேன். “உன்ரை அம்மா சிரிச்சுக்கொண்டு மண்டபத்தைப் பாக்கிறா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். கறுப்பு உருவம் தலையை நிமிர்த்தியது. இந்தத் தரம் அவள் நிறுத்தவில்லை.